சிறிய சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி: இடையில் விலகியவர்களை எப்படிக் கணக்கிடுவது?

வணக்கம். கலிபோர்னியாவில், ஒரு வகுப்புக்கு 40 பேர் அளவில் மட்டுமே படிக்கும் ஒரு சார்ட்டர் (அரசு நிதியில், தனி நிர்வாகத்தில் இயங்கும்) உயர்நிலைப் பள்ளியில் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கலாமா என்பதைப் பொதுத் தரவுகளைக் கொண்டு முடிவுசெய்ய முயன்று, மேலே செல்ல வழியின்றி நிற்கிறேன்.

பள்ளிகளின் செயல்பாட்டை நிறங்களால் காட்டும் மாநிலத்தின் ஸ்கூல் டாஷ்போர்டு தளத்தில், 30 பேருக்குக் குறைவான மாணவர் பிரிவுகளுக்கு நிறக் குறியீடு இல்லை. 11 பேருக்குக் குறைந்தால் எண்களே காட்டப்படுவதில்லை. ஆங்கிலம், கணிதத் தேர்வுகளை உயர்நிலையில் பதினோராம் வகுப்பினர் மட்டுமே எழுதுவதால், இருவரின் நிலை மாறினாலே தேர்ச்சி விகிதம் 5 சதவீதப் புள்ளிகள் நகர்ந்துவிடுகிறது. இதற்காக மூன்று ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஓரளவு தெளிவு கிடைத்தது.

என்னை உண்மையில் கவலைகொள்ள வைப்பது பட்டம்பெறும் விகிதம், அதாவது ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியவர்களில் நான்கு ஆண்டுகளில் உயர்நிலைப் படிப்பை முடிப்போரின் விகிதம். வேறு பள்ளிக்கு மாறிச் சென்றவர்கள் நான்காண்டுக் கணக்கிலிருந்தே கழிக்கப்படுவதால், பலர் விலகிய பள்ளியும் உயர்ந்த விகிதத்தைக் காட்ட முடியும். மாநிலக் கல்வித் துறையின் தரவுத் தளமான டேட்டாகுவெஸ்டில் ஒன்பதாம் வகுப்பின் அக்டோபர் சேர்க்கையை, மூன்றாண்டுகள் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பின் சேர்க்கையோடு ஒப்பிட்டேன். இடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த இழப்பை மறைத்துவிடுகிறார்கள். அங்குள்ள நிலைத்தன்மை விகிதமோ (விலகாமல் அதே பள்ளியில் தொடர்ந்தவர்களின் விகிதம்) ஒரே கல்வியாண்டுக்குள் நிகழ்வதை மட்டுமே அளக்கிறது. கோடை விடுமுறையில் விலகியவர்கள் அதில் தெரிவதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியிலேயே படித்து முடித்தார்கள் என்பதைப் பொதுத் தரவுகளிலிருந்து கணிக்க நம்பகமான முறை எது?