ஆடு புலி ஆட்டம் (பைத்தான், கன்சோல்): ஆடு தானா காணாம போகுது, புலி மூலை திரும்பி வெட்டுது. உதவி தேவை

வியாசர்பாடி_மாணவன்:
வணக்கம். எங்க தெரு படிப்பகத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. சாயங்காலம் வர்ற பசங்க விளையாடட்டும்னு ஆடு புலி ஆட்டத்தை பைத்தான்ல எழுதுறேன். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. வெறும் எழுத்துத் திரைதான், புள்ளி நம்பரை டைப் பண்ணி காய் நகர்த்தணும்.

ரெண்டு சிக்கல். புலிக்காரர் ஆடுறதுக்கு முன்னாடியே சில நேரம் ஒரு ஆடு காணாம போயிடுது. அப்புறம், புலி நேர்க்கோட்டுல தாண்டாம மூலை திரும்பியும் வெட்டுது. எல்லாம் 'ஆட்டம்'ங்கிற ஒரே கிளாஸ்ல (தகவலும் அதுக்கான வேலைகளும் சேர்ந்த தொகுப்பு) இருக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிகளை டிக்‌ஷனரியா வச்சிருக்கேன். ஓஓபி (கிளாஸ்களா பிரிச்சு எழுதுற முறை) பாடத்துல கார், பைக் உதாரணம் புரிஞ்சுது. இதை எப்படிப் பிரிக்கிறதுன்னுதான் தெரியல.

பெரம்பூர்_நிரலர்:
தம்பி, புலி அடைபட்டுச்சான்னு எந்த மெத்தட் (கிளாஸுக்குள்ள ஒரு வேலையைச் செய்யுற பகுதி) பார்க்குது?

வியாசர்பாடி_மாணவன்:
தனியா இல்லண்ணா. ஒவ்வொரு முறையும் மூணு புலிக்கும் 'தாவு' மெத்தடைக் கூப்பிடுறேன், ட்ரூ (ஆமாம்) வந்தா வழி இருக்குன்னு அர்த்தம். வெட்டுன ஆட்டை லிஸ்ட்ல இருந்து எடுக்கிறதும் அதே 'தாவு'தான்.

பெரம்பூர்_நிரலர்:
ஆடு அங்கதான் போகுது. நீ "தாவ முடியுமா"ன்னு கேக்குற, அது தாவியே முடிச்சிடுது. எந்தப் புலிக்காவது வெட்டு இருக்கிறப்ப மட்டும் நடக்கும், அதான் "சில நேரம்".

கேள்வி கேக்குற மெத்தட் எதையும் மாத்தக் கூடாது, மாத்துற மெத்தட் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. கணினி அறிஞர் பெர்ட்ரண்ட் மேயர் 1980களிலேயே வலியுறுத்தின கொள்கை இது. 'நகர்வுகள்'னு ஒரு மெத்தட் எழுது: போகக்கூடிய இடங்களை லிஸ்ட்டா தரும், பலகையைத் தொடாது. மூணு புலிக்கும் அந்த லிஸ்ட் காலின்னா ஆடு ஜெயிச்சாச்சு. நிஜமா நகர்த்துறது 'செய்' மெத்தட் மட்டும்.

அடுத்து மூலை. பக்கத்துப் புள்ளி மட்டும் தெரிஞ்சா திசை தெரியாது. பலகைக்குக் கோடுகளைக் கொடு. மொத்தம் 10 கோடு: உச்சியில இருந்து இறங்குற 4 (ஒவ்வொண்ணுலயும் 5 புள்ளி), குறுக்கே 6 புள்ளி உள்ள 3, அடியில 4 புள்ளி உள்ள 1, ரெண்டு ஓரத்துலயும் 3 புள்ளி உள்ள 2. ஒரே கோட்டுல அடுத்த புள்ளியில ஆடு, அதுக்கடுத்தது காலின்னா வெட்டு. பக்கத்துப் புள்ளிகளும் இதுலேயே கிடைச்சிடும், அந்த டிக்‌ஷனரியைத் தூக்கிடு.

ராயபுரம்_அக்கா:
நல்லா சொன்னீங்க. நான் ஒண்ணு சேர்க்கிறேன். 'காய்' தாய் கிளாஸ். 'புலி', 'ஆடு' ரெண்டும் அதுல இருந்து வந்து தன் 'நகர்வுகள்' மெத்தடைத் தானே எழுதட்டும். ஆனா காய்க்குள்ள புள்ளி நம்பரை வைக்காத தம்பி. எந்தப் புள்ளியில யார்னு பலகைக்கு மட்டும்தான் தெரியணும். ரெண்டு இடத்துல எழுதி வச்சா ஒரு நாள் ரெண்டும் ஒத்துப்போகாது, செத்த ஆடு திரையில நிக்கும்.

பிரிண்ட், இன்புட் ரெண்டையும் 'திரை' கிளாஸுக்கு அனுப்பிடு. அப்பதான் டைப் பண்ணாமலே சோதிக்க முடியும். முதல் சோதனை இது: உச்சியில ஒரு ஆடு, அதுக்குக் கீழே ஒரு புலி. உச்சியைத் தாண்டிப் போற கோடே கிடையாது, அதனால அந்த ஆட்டுக்கு வெட்டே வரக் கூடாது. உன் பழைய புரோகிராம் கண்டிப்பா வெட்டும்.

வியாசர்பாடி_மாணவன்:
வெட்டுச்சுக்கா! பத்து கோட்டையும் போட்டதும் நின்னுடுச்சு. ஆடும் இப்ப காணாம போகல. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

இன்னொண்ணு. எங்க ஆயா, 15 ஆடும் இறங்கின பிறகுதான் ஆடு நகரலாம்னு சொல்லுது. எதிர்வீட்டுல நடுவுலயே நகர்த்துறாங்க. ரெண்டும் வேணும்னு பசங்க கேக்குறாங்க. 'செய்' உள்ள இஃப் (நிபந்தனை) போட்டுடட்டுமா?

பெரம்பூர்_நிரலர்:
வேணாம்பா. இன்னிக்கு ஒரு இஃப், நாளைக்கு வேற வீட்டு விதிக்கு இன்னொண்ணு. 'விதி'ன்னு சின்ன கிளாஸ், அதுல "ஆடு இப்ப நகரலாமா"ன்னு ஒரே கேள்வி. ஆயா விதி ஒண்ணு, எதிர்வீட்டு விதி ஒண்ணு எழுது. ஆட்டம் தொடங்குறப்ப எது வேணுமோ அதை 'ஆட்டம்' கிளாஸுக்குக் கொடு. புதுசா விதி வந்தா புது கிளாஸ் மட்டும் சேரும், ஓடிட்டு இருக்கிற புரோகிராமைத் தொடவே வேண்டியதில்லை.