தோட்டத் திருவிழாவில் மேடை வேண்டாம், ரப்பர் பால் வாளி ஊர்வலம் வைக்கலாமா? (அக்காடியர்கள் செய்வது போல)

சிப்புட்_சரசு எழுதியது:

வணக்கம். நான் சுங்கை சிப்புட். எங்கள் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) போய் செம்பனை வந்தது, அப்புறம் பாதி நிலம் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆனது. லயங்களை, அதாவது நாங்கள் இருந்த வரிசை வீடுகளை, இடித்தாயிற்று, மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். வருஷத் திருவிழாவுக்கு ஷா ஆலாம், ஜோகூர், சிங்கப்பூர் என்று போனவர்கள் எல்லாம் வருகிறார்கள். கூழ் குடித்து, காவடி பார்த்து, சாயந்திரம் கார் ஏறிவிடுகிறார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், தன் தாத்தாவுக்கு அடுத்த நிரையில் பால் மரம் வெட்டியவர் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

இந்த வருஷம் நிர்வாகக் குழு 'பாரம்பரிய இரவு' சேர்க்கப் போகிறதாம். மேடை, மாலை, ஒய்.பி. (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) பேச்சு, மேசைக்கு இவ்வளவு வெள்ளி என்று டிக்கெட். பால் வெட்டியே முதுகு வளைந்த கிழவிகள் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வரணுமா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் மகள் கனடாவில் மோங்க்டன் பக்கம் படிக்கிறாள். ஆகஸ்ட் 15 அன்று ஒரு வீடியோ அனுப்பினாள். அங்கே அக்காடியர் என்று பிரெஞ்சு பேசும் ஜனங்கள். கடலோரச் சதுப்பில் அணை கட்டி, உப்பு நீரை வெளியேற்றிப் பயிர் செய்தவர்கள். 1713-இல் அந்த மண் பிரிட்டன் கைக்குப் போனது. நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்று நின்றதால் 1755-இலிருந்து கப்பல் கப்பலாக நாடு கடத்தினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு பகுதியினர் அலைந்து திரிந்து லூசியானா போய்ச் சேர்ந்தார்கள். கேஜன் மக்கள் என்பது அந்த வழி வந்தவர்கள்தான்.

ஆகஸ்ட் 15 அன்று அக்காடியர்கள் செய்வது 'டின்டமார்'. சட்டி, கரண்டி, விசில், கையில் எது கிடைக்கிறதோ அதைத் தட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஒரே சத்தம். பாட்டிகள் முகத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு பூசிக்கொண்டு நடக்கிறார்கள். நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்கிற சத்தமாம்.

சத்தம் போட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், உறுமி இருக்கிறது, பழைய பால் வாளி இருக்கிறது! நான் கேட்பது, சிதறின குடும்பங்களை இவர்கள் எப்படி மறுபடி ஒன்று சேர்த்தார்கள் என்பது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராணி_மகன் எழுதியது:

அக்கா, ஒப்பீட்டில் கொஞ்சம் நிதானம். அவர்களைத் துப்பாக்கி முனையில் ஏற்றினார்கள். நம் தாத்தாமார் கங்காணி பேச்சை நம்பிக் கப்பல் ஏறினார்கள், பிற்பாடு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியே வந்தார்கள். வலி வலிதான், ஆனால் கதை வேறு.

இன்னொன்று. மோங்க்டனில் அவர்களுக்கு 1963-இலிருந்து சொந்தமாகப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1969-இலிருந்து இருமொழிச் சட்டம். அவ்வளவையும் பிடித்து வைத்துக்கொண்டு சட்டி தட்டுகிறார்கள். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில் ஒரு வகுப்புக்குப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். வாளி தட்டினால் பள்ளிக்குப் பிள்ளை வருமா?

குளுவாங்_லஃபயெட் எழுதியது:

நான் குளுவாங்காரன், எண்ணெய் வேலைக்காக லூசியானாவில் லஃபயெட்டில் இருக்கிறேன். கிராணி மகன் அண்ணன் சொன்னது கனடா கதை. இந்தப் பக்கம் கேஜன்களுக்கு அப்படிப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகமும் இல்லை, சட்டமும் துணைக்கு இல்லை. 1921-இல் மாநில அரசியல் சாசனம் பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டது. பிரெஞ்சு பேசிய பிள்ளையை அடித்தார்கள், 'பேச மாட்டேன்' என்று திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். அடி வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளிடம் பிரெஞ்சு பேசுவதையே நிறுத்திக்கொண்டது.

1968-இல்தான் மாநில அரசு பிரெஞ்சை வளர்க்க கோடோஃபில் என்று ஒரு அமைப்பு வைத்தது. பிரான்ஸ், பெல்ஜியம், கியூபெக்கிலிருந்து வாத்தியார்களை வரவழைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வீட்டில் பாட்டி பேசியது ஒன்று, பள்ளியில் கற்றது ஒன்று என்று ஆனது.

அதுவரைக்கும் தாக்குப்பிடித்தது சமையலும் இசையும். டூயி பால்ஃபா என்ற வயலின்காரர் 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார். வெளியூரில் கைதட்டு குவிந்தது. அவர் சும்மா இருக்கவில்லை, ஊர் திரும்பி, நம்மவர்களே இதைக் கேட்க வேண்டும் என்று விடாமல் அலைந்தார். 1974-இல் லஃபயெட்டில் கேஜன் இசைக்கென்றே பெரிய கச்சேரி நடந்தது. இன்றைக்கு இங்கே நடக்கிற பெரிய விழாவுக்கு அதுதான் முதல் படி.

சரசு அக்கா கேட்டதற்குப் பதில்: 1994-இல் மோங்க்டன் வட்டாரத்தில் முதல் உலக அக்காடியர் மாநாடு கூடியது. பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. 1999-இல் லூசியானாவிலேயே நடந்தது. அதில் மேடையைவிட முக்கியம் குடும்பச் சந்திப்புகள். லெப்லாங் என்றால் லெப்லாங் வம்சம் முழுக்க ஓரிடத்தில், லாண்ட்ரி என்றால் அவர்கள் தனியாக. வம்சாவளியை விரித்து வைத்து, நீ எந்தக் கிளை என்று தேடுவார்கள்.

ஆயாக்கொட்டாய் எழுதியது:

தம்பி சொன்னது நல்ல யோசனை, ஆனால் நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர்தான். ஆகவே லயத்தை வைத்துப் பிரிக்கணும். முதல் டிவிஷன் மேட்டு லயம், ஸ்டோர் லயம், கோயில் லயம் என்று ஆளுக்கொரு பந்தல்.

பெயர்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கோயில் உபய நோட்டு! எந்த நாள் யார் உபயம், எவ்வளவு கட்டினார்கள் என்று வருஷாவருஷம் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் அதை வைத்தே பட்டியல் போட்டார்கள். 1942, 43-இல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப்போய்த் திரும்பாதவர்கள் பெயர்கூட அப்படித்தான் கிடைத்தது. முந்தின வருஷம் வரை உபயம் கட்டியவர் பெயர் சட்டென்று நின்றுபோயிருக்கும். வீட்டில் விசாரித்தால் கதை வரும்.

நிலம் போய்விட்டதே என்று சோர வேண்டாம். கனடாவில் அக்காடியர் விரட்டப்பட்ட கிரான்-பிரே ஊர் நிலமும் வேற்றாள் கையில்தான் இருந்தது. அக்காடியத் தாய்க்குப் பிறந்த ஹெர்பின் என்பவர் 1907-இல் பழைய தேவாலயம் இருந்த இடத்தைத் தானே வாங்கினார். 1922-இல் அங்கே நினைவு ஆலயம் எழும்பியது, 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கிரான்-பிரே நிலப்பரப்பைச் சேர்த்தது. உங்களுக்குக் கோயில் மண்ணாவது நிற்கிறது.

சிப்புட்_சரசு எழுதியது:

உபய நோட்டு எனக்குத் தோன்றவே இல்லை, ஆயா. பழைய நோட்டுகள் பூசாரி வீட்டு இரும்புப் பெட்டியில் இருப்பதாகக் கேள்வி. நாளைக்கே போகிறேன்.

குழுவிடம் இப்படிச் சொல்லப் போகிறேன்: ஒய்.பி. வரட்டும், மற்றவர்களோடு பந்தியில் உட்காரட்டும். டிக்கெட் கிடையாது. லயத்துக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு பெயர்ப்பலகை, அந்த லயத்துப் பிள்ளை ஒருவர் போனில் பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்யணும். தோட்டத்துப் பேச்சு அப்படியே பதிவாகட்டும், யாரும் திருத்த வேண்டாம். வாளி ஊர்வலம் சாமி ஊர்வலத்துக்கு முன்னால். பெர்மிட் எப்படியும் கோயில் எடுக்கிறதுதானே.

பள்ளிக்குப் பிள்ளை வருமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, கிராணி மகன். ஆனால் வரும் பெற்றோரிடம் அங்கேயே கேட்க முடியும். தலைமையாசிரியருக்கும் ஒரு மேசை போடுகிறேன்.

கிராணி_மகன் எழுதியது:

தலைமையாசிரியர் மேசை நல்லது. அதை மூலையில் போடாதீர்கள், சோற்றுப் பந்தி பக்கமாகப் போடுங்கள்.

ஒரு சந்தேகம். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீடு லயத்தில் சேராது, மேட்டில் தனியாக இருந்தது. எங்கப்பாவும் உபயம் கட்டியிருக்கிறார். நாங்கள் எந்தப் பந்தல்?

சிப்புட்_சரசு எழுதியது:

ஸ்டோர் லயம். உங்கப்பா பால் எடை போட்டதும் கணக்கு எழுதினதும் அங்கேதானே. சம்பளத்தைக் குறைத்துப் போட்டதாக யாராவது பழைய சண்டையை எடுத்தால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.