கலைச்சொல் உதவி: 'ஆஃப்லைன் மேப்' – வெள்ளிக்குள் வேண்டும்

அன்புடையீர்,

வழிகாட்டும் செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். 'ஆஃப்லைன் மேப்' மட்டும் நிற்கிறது. முன்பு யாரோ 'இணையமில்லா ஜிபிஎஸ்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படிப்பவர் ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் வேண்டும் என்றே நினைப்பார். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் அலையைக் கைப்பேசி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். டேட்டா தேவைப்படுவது வரைபடத்துக்கு. அது சொல்லிலேயே தெரிய வேண்டும். பொத்தானில் 12 எழுத்துதான் கொள்ளும்.

தஞ்சாவூரிலிருந்து:
ஆறு என்றால் வழி. சங்க நூலான மலைபடுகடாத்தில் பாம்பு எங்கே, வழுக்கும் இடம் எங்கே என்றெல்லாம் சொல்லித்தானே கூத்தரை மன்னன் நன்னனிடம் அனுப்புகிறார்கள்? நேவிகேஷனுக்கு 'ஆற்றுப்படுத்தல்' இருக்க வேறு சொல் எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, இங்கே ஆற்றுப்படுத்தல் என்றால் மனம் நொந்தவருக்குச் செய்யும் உளவளத்துணை. வரைபடத்துக்குப் போட்டால் சனம் குழம்பும். ஆன்லைனுக்கு எங்களிடம் 'நிகழ்நிலை' சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது, 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம்.

ஈப்போவிலிருந்து:
மலேசியாவில் ஆன்லைனை இயங்கலை, ஆஃப்லைனை முடக்கலை என்கிறோம். ஆனால் 'முடக்கலை வரைபடம்' என்றால் வேலை செய்யாத வரைபடம் போலத் தோன்றும். நானே பரிந்துரைக்க மாட்டேன்.

நாமக்கல்லிலிருந்து:
மாணவர்களோடு கொல்லிமலை ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவு. நடுவில் டவர் போய்விட்டது. நீலப் புள்ளி மட்டும் எங்களோடு நகர்ந்துகொண்டே இருந்தது, சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். ஒரு மாணவி முந்தின நாளே வீட்டு வைஃபையில் மேப்பை இறக்கி வைத்திருந்தாள். அவள் போனைப் பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தோம். "என் கைவசம் இருக்கு சார்" என்றாள். 'கைவச வரைபடம்' போதாதா?

தஞ்சாவூரிலிருந்து:
வசம் வடசொல். அந்த மாணவி செய்ததற்குப் பழமொழி நானூற்றில் சொல் இருக்கிறது: ஆற்றுணா. வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு. புறப்படும் முன்பே வீட்டில் கட்டிக்கொள்வது, வழியில் கிடைக்காது என்று தெரிந்தே எடுத்துப்போவது. 'ஆற்றுணா வரைபடம்'. எண்ணிப் பாருங்கள், ஒன்பதே எழுத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சொல் அழகு, ஐயா. பொத்தானைத் தொடுகிறவருக்கு விளங்க வேண்டுமே. வடசொல்தான் தடை என்றால் 'கையிருப்பு'?

நாமக்கல்லிலிருந்து:
கையிருப்பு என்றால் காசும் கடைச் சரக்கும்தான் நினைவுக்கு வரும்.

ஈப்போவிலிருந்து:
சரி, ஒன்று கேட்கிறேன். டேட்டாவே வேண்டாம் என்றால், அதை அணைத்ததும் இடம் பிடிக்க ஏன் இவ்வளவு நேரமாகிறது?

தொடங்கியவர்:
எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை டேட்டா இருந்தால் கைப்பேசி சட்டென்று இறக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அது நொடிக்கு 50 பிட்தான் அனுப்பும், முழுப் பட்டியலும் வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். உதவிக் குறிப்பில் 'முதலில் சற்றுத் தாமதமாகலாம்' என்று எழுதிவிட்டேன்.

அப்புறம், தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் மூவர் கைவசம், இருவர் கையிருப்பு. கோப்பில் 'கைவச வரைபடம்' என்று போட்டு இன்று காலை அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:
அனுப்பியது சரி, நாள் கடந்துவிடக் கூடாது. ஆனால் 'வச'த்துக்கு என் உடன்பாடு இல்லை. அடுத்த பதிப்பின்போது ஆற்றுணாவை மறுபடி எழுப்புவேன்.