வாழைக்காய் சிப்ஸ் ஒரு ஓரம் தடிமன், மறு ஓரம் கருகல்: பிளேடு கோணம்தான் காரணமா?

தங்கச்சிமடம் சிப்ஸ்:
வணக்கம். வீட்டிலேயே வாழைக்காய், மரவள்ளி சிப்ஸ் போட்டு விற்கிறோம். சீவுகிற பலகை இரண்டு இருக்கிறது. ஒன்று முழு எவர்சில்வர். பிளேடு குறுக்கே நேராக இருக்கும், இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்குரூ, கனம் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு திருகு. இன்னொன்று பிளாஸ்டிக், பிளேடு வி வடிவம்.

எவர்சில்வர் பலகையில் சீவினால் வில்லையின் வலது ஓரம் தடிமனாகவும் இடது ஓரம் தாள் மாதிரியும் வருகிறது. எண்ணெயில் மெல்லிய ஓரம் கருகும்போது தடித்த பக்கம் இன்னும் மெத்தென்றே இருக்கிறது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் பிளேடைக் கழற்றிக் கொடுத்தோம். கத்தி மாதிரி இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அழுத்திப் பிடிக்காவிட்டால் காய் பிளேடு மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

வி பலகையில் தக்காளி நன்றாக வருகிறது, மரவள்ளி மட்டும் நடுவில் சிக்கி வெடிக்கிறது. இரண்டு பிளேடிலும் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. பிளேடை மாற்ற வேண்டுமா, பலகையையே மாற்ற வேண்டுமா?

தொண்டி மரவேலை:
அக்கா, எதையும் வாங்கிவிடாதீர்கள். முதலில் அளந்து சொல்லுங்கள். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. கனம். தாள்களை அடுக்கி, முன் தட்டுக்கும் பிளேடு முனைக்கும் உள்ள உயர வித்தியாசத்துக்கு எத்தனை தாள் ஆகிறது என்று இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். திருகைத் தொடாதீர்கள். சாணை பிடிக்கும் முன்னால் பிளேடின் சரிவு எந்தப் பக்கம் இருந்தது என்பதும் வேண்டும்.

காரணம் இதுதான். இந்தப் பலகை தலைகீழாக வைத்த இழைப்புளி. காய் முன் தட்டில் வந்து, பிளேடைத் தாண்டி, பின் தட்டில் ஏறுகிறது. வில்லையின் கனம் என்பது முன் தட்டுக்கும் பிளேடு முனைக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டுமே. அந்த வித்தியாசம் இரண்டு ஓரத்திலும் ஒன்றாக இல்லையென்றால் எவ்வளவு கூராக இருந்தாலும் வில்லை ஆப்பு மாதிரிதான் வரும்.

தங்கச்சிமடம் சிப்ஸ்:
இடது ஓரம் 12 தாள், வலது ஓரம் 19 தாள். பழைய சரிவு அடிப்பக்கம் மட்டும்தான் இருந்தது, மேல்பக்கம் தட்டை. இப்போது மேல்பக்கமும் ஒரு சரிவு தெரிகிறது. இடது பக்கம் அது ஒரு மி.மீ. அகலம் இருக்கும், வலது பக்கம் கோடு மாதிரிதான்.

பாம்பன் பட்டறை:
வழுக்கலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சீவும்போது மிச்சக் காய் பிளேடின் மேல்பக்கத்தில் நகர்கிறது, வில்லை அடிப்பக்கமாக இறங்குகிறது. மெல்லிய வில்லை வளைந்து கொடுக்கும், அதனால் சரிவு கீழே இருந்தால் தொல்லையில்லை. முழுக் காய் வளையாது. மேல்பக்கம் சரிவு வைத்தால் காய் அந்தச் சரிவில் ஏறி முனையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் அழுத்தினால் வெட்டுகிறது, விட்டால் வழுக்குகிறது. கத்திக்கு இரண்டு பக்கச் சாணை சரி. உங்கள் பலகையின் பிளேடுக்கு அது ஆகாது.

கனத்துக்கும் வருகிறேன். 20 பாகைக் கோணத்தில் ஒரு மி.மீ. அகலச் சரிவு வைத்தால் முனை சுமார் 0.34 மி.மீ. கீழே இறங்கும். சிப்ஸுக்கு நாம் வைக்கிற கனமே 1.2 முதல் 1.5 மி.மீ. அதில் கால் பங்கு போய்விடுகிறது. கல் அதிகம் தொட்ட இடது ஓரம் மெலிந்தது இதனால்தான்.

ஆனால் உங்கள் வித்தியாசம் 7 தாள், அதாவது 0.7 மி.மீ. சாணை மட்டும் அவ்வளவு செய்யாது. பிளேடைக் கழற்றி, அது உட்காருகிற இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், முக்கியமாக வலது பக்கம்.

தங்கச்சிமடம் சிப்ஸ்:
வலது ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு படிவு இருந்தது. நகத்துக்குப் பெயரவில்லை, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்ததும் ஏடு மாதிரி உரிந்து வந்தது.

பாம்பன் பட்டறை:
வாழைக்காய்ப் பாலும் மாவும் சேர்ந்து காய்ந்த படிவு அது. காயும்போது அடுக்கடுக்காக ஏறி பிளேடின் ஒரு முனையைத் தூக்கிவிடும். ஸ்குரூவை எவ்வளவு இறுக்கினாலும் படிவின் மேல்தான் உட்காரும். வாரம் ஒருமுறை பிளேடைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடையுங்கள். கம்பி நாரை வைத்து முனைக்குக் குறுக்கே தேய்க்காதீர்கள், முனை மடங்கும்.

இனி தீட்டும் முறை. கழற்றும் முன் மார்க்கர் பேனாவால் பிளேடின் மேல்பக்கம், இடது, வலது குறித்துக்கொள்ளுங்கள். தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் தண்ணீர் எமரி தாளை நனைத்து ஒட்டுங்கள். மேல்பக்கச் சரிவைத் தட்டைப் பக்கத்தில் தேய்த்துப் போக்க நினைக்காதீர்கள், பிளேடு முழுவதையும் மெலியவைக்க வேண்டிவரும். அடிப்பக்கத்துப் பழைய சரிவையே தேய்த்து, முனையை ஒரு மி.மீ. பின்னுக்குக் கொண்டுபோனால் மேல்சரிவு தானாகக் காணாமல் போகும்.

கோணம் பிடிக்க, பிளேடை ஒரு மரச் சட்டத்தில் இறுக்கி, முனையிலிருந்து சட்டத்தின் பின்விளிம்பு வரை 40 மி.மீ. வருமாறு வையுங்கள். பின்விளிம்பின் அடிப்பக்கத்தை 10.4 மி.மீ. தூக்கினால் 15 பாகை, 13.7 மி.மீ. தூக்கினால் 20 பாகை. வாழைக்காய்க்கும் வெங்காயத்துக்கும் 15 போதும். மரவள்ளி அதிகம் சீவினால் 20, அந்த முனை சீக்கிரம் மடங்காது. சரிவில் மார்க்கர் மை தடவிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை முனையருகே மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள், பின்னால் மட்டும் அழிந்தால் தூக்கியது போதவில்லை.

400-இல் மேல்பக்கம் நெடுக ஒரு பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் 1000, அப்புறம் 2000. கடைசியில் தட்டைப் பக்கத்தை 2000 தாளில் முழுக்கப் படுக்கவைத்து இரண்டு மூன்று முறை இழுத்தால் பிசிறு போகும். அங்கே அரைப் பாகைகூடத் தூக்கக் கூடாது.

ஏர்வாடி அடுப்படி:
கனம் இன்னும் கொஞ்சம் ஏறக்குறைய இருந்தால் குளிர்பானக் கேன் தகரத்தை வெட்டி இறங்கின பக்கம் பிளேடுக்கு அடியில் கொடுக்கலாம். அதுவும் 0.1 மி.மீ. தான்.

பாம்பன் பட்டறை:
அளவு சரி, பொருள் வேண்டாம். கேன் அலுமினியம். எவர்சில்வரோடு ஒட்டி, உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரித்து வெள்ளைப் பொடியாகும், அது சாப்பாட்டில் விழும். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் புத்தகத்துக்கு மேலட்டையாகப் போடுகிற கண்ணாடித் தாள் போதும். கனத்தை அளந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

பழுப்புப் புள்ளிக்கும் இதோடு தொடர்பு உண்டு. பிளேடு எஃகு கடினமாக இருக்க வேண்டும் என்பதால் அதில் குரோமியம் பெரும்பாலும் 13 சதவீத அளவிலேதான் இருக்கும். சமையல் பாத்திரத்து 304 எஃகில் 18. உப்பிலுள்ள குளோரைடு பட்டால் பிளேடில்தான் முதலில் குழி விழும். காந்தம் வைத்துப் பாருங்கள், பிளேடில் பிடிக்கும், பாத்திரத்தில் பிடிக்காது அல்லது லேசாகத்தான் பிடிக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பராமரிப்பு ஓயாததற்குக் காரணமான அதே உப்புக்காற்றுதான் நம் அடுப்படியிலும். போதாததற்கு போர் தண்ணீரும் உவர்.

கழுவ உவர் தண்ணீர்தான் இருக்கிறதென்றால் கடைசி அலசல் மட்டும் குடிதண்ணீரில் செய்யுங்கள். உடனே துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல். உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை பலகைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், அந்தக் கையாலேயே பலகையைத் தொடுகிறோம். புள்ளி முனையிலேயே விழுந்தால் அங்கே சிறு பல் விழுந்த மாதிரி ஆகும், வில்லையில் நீளக் கோடு தெரியும். தீட்டினால் மட்டும்தான் அது போகும்.

தொண்டி மரவேலை:
வி பலகை பற்றி யாரும் சொல்லவில்லை. பிளேடு குறுக்கே நேராக இருந்தால் காயை நேருக்கு நேர் மோதி வெட்டுகிறது, இழுப்பு என்பதே இல்லை. 45 பாகை சாய்த்து வைத்தால் காய் ஒரு மி.மீ. வெட்டுப்படுவதற்குள் முனை வழியாக ஒரு மி.மீ. இழுபடவும் செய்கிறது. 30 பாகையில் அந்த இழுப்பு 0.58 மி.மீ. அதோடு முனையும் காய்க்கு இன்னும் மெல்லியதாகத் தெரியும்: 20 பாகையில் தீட்டிய பிளேடை 45 பாகை சாய்த்து வைத்தால், காய் போகிற திசையில் அது 14.4 பாகை ஆப்புதான். தக்காளித் தோல் நசுங்காமல் அறுபடுவது இதனால்.

சாய்வுக்கு விலையும் உண்டு. சாய்ந்த ஒற்றைப் பிளேடு காயை ஒரு பக்கமாகத் தள்ளும், அதனால் பக்கச் சட்டம் உறுதியாக வேண்டும். வி வடிவத்தில் இரண்டு கை இருப்பதால் தள்ளல் ஒன்றையொன்று ஈடுகட்டுகிறது, ஆனால் காயை நடுவுக்கு நெருக்குகிறது. மென்மையான தக்காளி நெருங்கிக் கொடுக்கும். மரவள்ளி கொடுக்காது. அதன் நடு நரம்பு நேராக வி-யின் மூலைக்கு வந்து சேர்கிறது. இரண்டு பிளேடும் சந்திக்கிற அந்த மூலையில்தான் கூரும் குறைவு, நாரும் மாட்டிக்கொள்ளும். பின்னால் இருந்து அழுத்த அழுத்த வில்லை வெட்டுப்படாமல் பிளக்கிறது. மரவள்ளியை வி-யில் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டுமென்றால் நரம்பு மூலைக்கு வராதபடி ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடியுங்கள். வி பிளேடை வீட்டில் தீட்டுவதும் வீண் வேலை, அந்த மூலைக்குள் கல் போகாது.

பனங்கிழங்கு யாராவது கேட்பார்கள் என்று சொல்லிவைக்கிறேன். அவித்த கிழங்கை நாருக்குக் குறுக்கே 2 மி.மீ.க்குக் குறையாமல் நேர் பிளேடில் சீவலாம். வி-யில் நார் நிச்சயம் மாட்டும்.

தங்கச்சிமடம் சிப்ஸ்:
தீட்டி மாட்டினோம். இரண்டு ஓரமும் 14 தாள். வழுக்கல் போய்விட்டது, ஒரே நிறத்தில் பொரிகிறது. ஒரே குறை, ஒவ்வொரு வில்லையிலும் கடைசியாக வெட்டுப்படும் விளிம்பு கொஞ்சம் தடிக்கிறது.

தொண்டி மரவேலை:
ஸ்கேலை நிமிர்த்திப் பின் தட்டின் மேல் வைத்து, அதை பிளேடு முனை வரை நீட்டிப் பாருங்கள். முனை ஸ்கேலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது முனை பின் தட்டை விடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். காயின் முன்பகுதி பிளேடைத் தாண்டியதும் பின் தட்டுக்கு இறங்குகிறது, வால் பகுதி முன் தட்டிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் நீங்கள் அழுத்திப் பிடிப்பதால் கனம் மாறுகிறது. உள்ளங்கை அழுத்தத்தை, காய் பாதி தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் இரு பக்கமும் பிளேடு அடியில் கண்ணாடித் தாள் ஏதும் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

தங்கச்சிமடம் சிப்ஸ்:
இரு பக்கமும் ஒவ்வொரு துண்டு கொடுத்திருந்தோம். எடுத்ததும் சரியாகிவிட்டது. திருகில் மட்டும் கனத்தைத் திரும்ப வைத்தோம். ரொம்ப நன்றி. எண்ணெய்ச் சட்டிக்கு மேலேயே பிடித்து நேராகச் சீவலாமா?

கீழக்கரை பந்தி:
எவர்சில்வர் பலகை என்றால் சீவலாம், பிளாஸ்டிக் என்றால் கூடவே கூடாது. ஆவியும் சூடும் பட்டு முன் தட்டு வளையும், பிறகு எத்தனை தாள் வைத்து அளந்தாலும் மட்டம் நிற்காது. சட்டிக்கு மேல் சீவும்போது காயைப் பிடித்துத் தள்ளுகிற பிடிப்பானைக் கழற்றிவிட்டு வெறும் கையில் தள்ளுகிறார்கள், அதுதான் எனக்குப் பயம். காய் இரண்டு விரல் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி, மிச்சத்தைக் கத்தியால் நறுக்கிப் பொரியலுக்கு வையுங்கள். கையுறை வாங்கினால் ஈ.என். 388 என்கிற ஐரோப்பியக் கையுறைத் தரக் குறியீட்டில் வெட்டுத் தாங்கும் எழுத்தைப் பாருங்கள், ஏ-யிலிருந்து எஃப் வரை போகும், எஃப்தான் அதிகம். சட்டிக்கு மேல் மட்டும் அதைப் போடாதீர்கள். அந்த நூல் சூட்டுக்கானது இல்லை, எண்ணெயும் உறிஞ்சும்.

பிரியாணிக்கு வெங்காயம் பொரிக்கிறவர்களும் சீவுகிற பலகையைப் பயன்படுத்தலாம்: சாய்ந்த பிளேடு, 1.5 முதல் 2 மி.மீ. நேர் பிளேடில் அழுத்திச் சீவினால் வெங்காயம் ஏடு ஏடாகப் பிரிந்து கனம் கலந்து போகும். பாதியாக வெட்டி, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி வைத்துச் சீவுங்கள்.

தங்கச்சிமடம் சிப்ஸ்:
சரி பாய், நேர் பிளேடு வாழைக்காய்க்கும் மரவள்ளிக்கும், வி தக்காளிக்கு மட்டும். வெங்காயத்துக்குச் சாய்ந்த பிளேடு பலகை ஒன்று பார்க்கிறோம்.

தொண்டி மரவேலை:
கடையில் வாங்கும் முன் ஸ்கேலை எடுத்துப்போய்ப் பின் தட்டு மட்டத்தைப் பாருங்கள். பிளேடு ஸ்குரூவில் கழலுகிறதா, பிளாஸ்டிக்கோடு வார்த்ததா என்றும் பாருங்கள். வார்த்தது என்றால் நம் ஊர் காற்றுக்கு எடுக்காதீர்கள்.