அபகானோவிச்சின் சிற்பங்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேப்பம்பூ (லண்டன்)

இங்கே டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2022 நவம்பரிலிருந்து 2023 மே வரை போலந்துச் சிற்பி மக்தலேனா அபகானோவிச்சின் பெரிய கண்காட்சி நடந்தது, பலருக்குத் தெரிந்திருக்கும். 'அபகான்' என்பது அவர் நெய்து தொங்கவிட்ட பெரிய உருவங்களுக்கு அவர் பெயரிலிருந்தே வந்த பெயர், அதற்கு மேல் கதைக்குள் நான் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

'சிவப்பு அபகான்' தெரியும் அல்லவா, 1969இல் கற்றாழை நாரில் நெய்தது, நாலு மீட்டர் உயரம். எல்லோரும் நேர் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கவாட்டில் போய் நின்றேன். மேலிருந்து கீழாக ஒரு பிளவு, அதன் ஓரம் முழுக்கத் தடித்த மடிப்பு. உள்ளே சிவப்பே தெரியவில்லை, விளக்கு எட்டாத இருட்டு. மேலிருந்து தொங்குவதால், யாரோ வேகமாகக் கடந்து போனதும் அடியில் இருந்த நார் நுனிகள் அசைந்தன. அந்த நொடியில் நானும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் சேர்ந்தாற்போல் ஓரடி பின்னால் போனோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நெய்த துணி ஒன்று என்னைப் பின்னால் தள்ளியது அதுதான் முதல் தடவை. பயமா, மரியாதையா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

மிச்சிகன் கரை (சிகாகோ)

நான் டேட் பக்கம் போனதில்லை. எங்கள் ஊர் கிராண்ட் பார்க்கின் தெற்கு முனையில், மிச்சிகன் அவென்யூவும் ரூஸ்வெல்ட் சாலையும் சேரும் இடத்தில் 'அகோரா' நிற்கிறது. 106 இரும்பு உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 9 அடி. தலை கிடையாது, கை கிடையாது. போலந்தில் வார்த்துக் கொண்டுவந்து 2006இல் நிறுத்தினார்கள். பேருந்து ஜன்னலில் தினம் பார்த்துப் பழகிப்போய், ஒரு கட்டத்தில் கண்ணில் படாமலே போய்விட்டது.

ஒரு குளிர்கால மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக நடந்தேன். கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்தக் கால்களுக்கு நடுவே சின்னப் பிள்ளை மறைவதற்கு எவ்வளவு நேரமாகும்? கூப்பிட்டேன், பதில் இல்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தால் நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்து, 'ஒரு சின்னப் பொண்ணு இந்தப் பக்கமா போச்சா' என்று கேட்போம். அங்கே நூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள், கேட்பதற்கு ஒரு முகம் இல்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்தோடு முடிந்துவிடுகிறது.

கொஞ்ச நேரத்தில் ஒரு காலைக் கட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கையுறை கண்ணில் பட்டது. அவள் சாதாரணமாக, 'இவங்கல்லாம் எங்கப்பா போறாங்க?' என்றாள். பதில் சொல்லலாம் என்று பார்த்தால் ஆளுக்கொரு திசை. யார் எந்தப் பக்கம் போகிறார் என்பதை அந்தப் பாதங்கள் மட்டும்தான் சொல்கின்றன. வேப்பம்பூ கேட்ட கேள்விக்கு என் பதில்: எனக்கு அது பயம்தான், சந்தேகமே இல்லை.

தறிவீடு (வ்ரோத்ஸ்வாவ்)

மிச்சிகன் கரை, உங்கள் அனுபவம் மனசைத் தொட்டது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரும்பை மட்டும் பார்த்தவர்கள் அபகானோவிச்சைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். அவர் கை நாரில்தான் பழகியது. இங்கே வ்ரோத்ஸ்வாவ் தேசிய அருங்காட்சியகத்தின் நான்கு குவிமாட மண்டபத்தில் அவருடைய நெசவுகள் இருக்கின்றன. படிக்க வந்த இடத்தில், நெசவுக் குடும்பத்துப் பிள்ளை என்ற ஆசையில் பார்க்கப் போனேன்.

போனவுடன் பாவு (நீள நூல்) எது, ஊடை (குறுக்கு நூல்) எது என்றுதான் கண் தேடியது. கரை நேராக வர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் முதல் பாடம். கரை கோணினால் தாத்தா அவிழ்க்கச் சொல்லிவிடுவார். இங்கே ஒரு கறுப்பு அபகானில் கரை என்ற ஒன்றே இல்லை. ஊடை ஓரிடத்தில் நெருக்கமாக அடித்து விறைப்பாக நிற்கிறது, ஒரு சாண் தள்ளித் தளர்ந்து தொங்குகிறது. என் தோள் உயரத்தில், தனித்தனியாக நெய்த இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த இடம் தெரிந்தது. கோணி ஊசியால் மூட்டையைத் தைத்த மாதிரி பெரிய பெரிய தையல், மறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல். அந்தத் தையலை விட்டு எனக்கு நகர முடியவில்லை. தாத்தா இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பாரா, தொட்டுப் பார்க்கக் கேட்டிருப்பாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பார்க்கும் விதமே மாறும். 1962இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் முதல் சர்வதேச நெசவோவிய பியென்னாலே, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி. அன்றைய பிரெஞ்சு வழக்கப்படி ஓவியர் தாளில் முழு அளவில் வரைந்து கொடுப்பார், பட்டறை நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்வார்கள். இந்த அம்மா அப்படி வரைந்து கொடுக்கவில்லை, தானே தறியில் உட்கார்ந்தார். வார்சாவில் அவர் இருந்தது ஓர் அறை வீடு. பெரிய தறி போட இடம் ஏது? மரியா வாஷ்கியேவிச் என்ற மூத்த நெசவுக் கலைஞரின் தறியில்தான் நெய்தார். நல்ல நூலுக்குத் தட்டுப்பாடு. அதனால் பழைய கயிறுகளைத் தேடிக் கொண்டுவந்து, புரி பிரித்து, அலசி, சாயம் ஏற்றினார். 1965இல் சாவோ பாவ்லோ பியென்னாலேயில் பரிசு வாங்கிய பிறகும் இதே வேலைதான்.

ஆகவே பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் தூரத்தில் நின்று மொத்த உருவத்தைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அனுமதிக்கும் அளவுக்குப் பக்கத்தில் போய், சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் நிறம்தான் தெரியும், சாய்வாகப் பார்த்தால்தான் புரி தெரியும். பின்பக்கம் போக வழி இருந்தால் கட்டாயம் போங்கள். நார் வெளிச்சத்தில் வெளுக்கும், அதனால் அரங்கில் விளக்கை மங்கலாகத்தான் வைப்பார்கள். கண் பழகப் பத்து நிமிஷமாவது கொடுங்கள். கூட்டம் குறைவான நேரம் நல்லது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் தொடக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே போனபிறகு சொன்னால் எடுபடாது.

மிச்சிகன் கரை

தறிவீடு அண்ணா, யோசனைக்கு நன்றி. ஆனால் 'பாதி' என்று நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அகோராவின் தோலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மரப்பட்டை மாதிரி மடிப்பும் வரிப்பள்ளமும். ஒவ்வொன்றின் மாதிரியையும் அவரும் உதவியாளர்களும் கையால் செய்திருக்கிறார்கள், ஓர் உருவம் இன்னொன்றைப் போல் இல்லை. சாக்குத் துணியில் அவர் என்ன செய்தாரோ, அதே மடிப்பு இரும்பில் நிற்கிறது. வார்ப்பாலையில் உருக்கி ஊற்றியதால் அவர் கைவேலை இல்லாமல் போய்விடுமா?

ஆற்றங்கரை (வாஷிங்டன்)

உலோகமா நாரா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. நேஷனல் கேலரியின் சிற்பத் தோட்டத்தில் 'புயெல்லே' இருக்கிறது, 1992இல் செய்தது. 30 வெண்கலச் சிறுமிகள், தலை இல்லாமல். போர்க்காலத்தில் போலந்திலிருந்து ஜெர்மனிக்கு கால்நடைகளை ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றிப்போன குழந்தைகள் வழியிலேயே குளிரில் விறைத்துச் செத்ததாக அவர் சிறு வயதில் கேட்டிருக்கிறார். அந்தக் குழந்தைகள்தான் இவர்கள்.

நான் போன அன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஏறக்குறைய அந்தச் சிலைகளின் உயரம். புறப்படும் நேரம் ஆகிவிட்டதால் டீச்சர் அங்கேயே நிறுத்தி, தலையைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் அந்த முப்பது பேர். அந்த டீச்சருக்கு அந்தக் கதை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரியும், அதனால் அங்கே நிற்க முடியவில்லை.

1943இல், அவருக்குப் பதின்மூன்று வயதில், குடிபோதையில் வீட்டுக்குள் வந்த ஜெர்மன் சிப்பாய்கள் சுட்டதில் அவர் அம்மாவின் வலது கை தோளோடு போயிற்று. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இல்லாத உருவங்களை அவர் ஏன் வாழ்நாள் முழுக்கச் செய்தார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

சாலைமரம் (போஸ்னான்)

வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆற்றங்கரை. உங்கள் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அந்த டீச்சர் எண்ணியதை இனி என்னாலும் மறக்க முடியாது. ஆனால் அம்மாவின் கையைச் சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டது என்று மூடிவிடுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கை இல்லாததற்கு அது காரணமாக இருக்கலாம். தலை இல்லாததற்கு? ஒன்று போதாமல் நூறாகச் செய்ததற்கு? போர் முடிந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகுதான் ஸ்டாலின் காலத்து வார்சாவில் கலைக் கல்லூரி, ஊர்வலம், கைதட்டல், வரிசை. கூட்டமாகச் சேர்ந்து வணங்குவதையும் கூட்டமாகச் சேர்ந்து வெறுப்பதையும் பார்த்து வளர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நாஜி ராணுவம் செய்ததை மட்டும் அந்தச் சிலைகளில் பார்த்தால், அவர் நம்மைப் பற்றிச் சொல்வது காதில் விழாமல் போய்விடும்.

போஸ்னானில் அவர் 1965 முதல் 1990 வரை கற்பித்தார். இங்கே சிட்டாடெல் பூங்காவில் 112 வார்ப்பிரும்பு உருவங்கள் இருக்கின்றன, 'அடையாளம் தெரியாதவர்கள்', 2002இலிருந்து. 1945இல் கடும் சண்டை நடந்த கோட்டை நிலம் அது. காலையில் அந்த வழியாகத்தான் நடப்பேன். ஒரு நாள் அவர்கள் நடுவே குறுக்கே போகும்போது, நான் கால் வைக்கும் அகலம் மாறியிருந்தது எனக்கே தெரிந்தது. அவர்கள் எட்டிவைக்கும் அளவுக்கு நானும் எட்டி வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் தள்ளவில்லை. நின்றுவிட்டேன். இப்போதும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

ஆற்றங்கரை

சாலைமரம், தலையைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் புயெல்லேக்கு முன்னால் நின்றவரிடம் ஊர்வலம், வரிசை என்று பேச முடியாது. அவை குழந்தைகள். அங்கே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கல்வாசல் (ஒசாகா)

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிரோஷிமா நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக அவர் 1993இல் 40 வெண்கல முதுகுகள் செய்தார். உட்கார்ந்து குனிந்த முதுகுகள், அவ்வளவுதான். சுற்றி முன்னால் போய் எட்டிப் பார்த்தேன், முன்பக்கமே இல்லை, வெறும் குழிவு. என்னோடு வந்த ஜப்பானியப் பெரியவர் மட்டும் முன்னால் வரவில்லை. 'பின்னாலிருந்தே போதும்' என்றார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பனைநிழல் (ஃபுளோரன்ஸ்)

எல்லாவற்றையும் படித்தேன். ஐரோப்பா வருகிறவர்களுக்கு உதவும் என்று சில விவரம். டேட்டிடம் 'கருவியல்' இருக்கிறது, 1978 முதல் 1980 வரை செய்தது. சாக்குத் துணியும் வலைத்துணியும் வைத்துத் தைத்த சுமார் 800 உருண்டைகள், முட்டை அளவிலிருந்து ஆள் படுக்கும் அளவு வரை. 1980இல் வெனிஸ் பியென்னாலேயில் போலந்து அரங்கில் வைத்தது. அது எப்போதும் காட்சியில் இருக்கும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள், முதலில் கேட்டுவிடுங்கள். நெதர்லாந்துப் பக்கம் போனால், ஸ்ஹெர்தோஹென்போஸ் நகரத்து மாகாண அரசுக் கட்டடத்துக்காக 1970-71இல் நெய்த 'புவா-லெ-துக்' இருக்கிறது. ஒரு சுவர் முழுக்க அந்த நெசவுதான். அரசு அலுவலகம் என்பதால் எந்த நாளில் உள்ளே விடுவார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

இத்தாலியில் பிஸ்தோயாவுக்குப் பக்கத்தில் செல்லே பண்ணை, சிற்பங்கள் வைத்த தனியார் தோட்டம். அங்கே 1985இல் வைத்த 'கத்தார்சிஸ்', 33 வெண்கல உருவங்கள். நினைத்த நேரத்தில் போக முடியாது, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். நடக்க நிறைய இருக்கிறது, நல்ல செருப்பு வேண்டும், வெயில் காலத்தில் தண்ணீர் கட்டாயம். வழிகாட்டியோடுதான் சுற்றிக்காட்டுவார்கள், நமக்குப் பிடித்த இடத்தில் நம் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. அதனால் இதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள்.

நான் சொல்லித்தான் வைத்தேன், கூடுதலாகக் கொஞ்ச நேரம் கிடைத்தது. ஒரு பக்கம் பார்த்தால் மனித முதுகு, சுற்றிப் போனால் நடுவில் பிளந்த மரம். உள்ளே ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. நிற்கலாமா என்று கேட்க நினைத்து, தறிவீடு சொன்ன தையல் மாதிரி உட்புறம் ஓடிய ஒரு தழும்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அது வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகு மாதிரியில் அவர் விரல் இழுத்த கோடா, வார்ப்பில் விழுந்ததா? செல்லேயில் பார்த்த வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். இடது ஓரத்திலிருந்து மூன்றாவது உருவம், உள்பக்கம், முழங்கால் உயரத்தில்.