சித்தப்பாவின் சிவப்புக் கிட்டாருக்கு மறுபூச்சு

வீட்டு வாட்ஸ்அப் குழு

சனிக்கிழமை

நான்: அனைவருக்கும் வணக்கம். சித்தப்பா எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் வாசித்த ஜப்பான் எலக்ட்ரிக் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். சரிசெய்து நீயே வைத்துக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். சிவப்பு பெயின்ட் பல இடங்களில் பெயர்ந்திருக்கிறது. வாசிக்கும்போது வலது முன்கை படியும் மேல் விளிம்பில் அடிப்பூச்சு வரை தேய்ந்துவிட்டது. பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுத்து, மரத்தின் ரேகை தெரியும்படி தேக்கு நிறத்தில் பாலிஷ் போட்டு, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் பெரிய ஹம்பக்கர் பிக்கப் (கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) ஒன்றையும் வைக்க எண்ணியிருக்கிறேன். பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையின் மரவேலைப் பிரிவில் இருந்தவர் என்பதால், கை வைப்பதற்கு முன் அவருடைய யோசனையைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

அத்தை: அந்தக் கிட்டாரை உன் மாமாதான் சிங்கப்பூரில் சுங்கே ரோட்டுச் சந்தையில் வாங்கிவந்து சித்தப்பாவுக்குக் கொடுத்தார். 2017-இல் அந்தச் சந்தையையே மூடிவிட்டார்கள். வாங்கும்போதே அது யாரோ வாசித்த பழைய கிட்டார்தான். கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் பளபளவென்று ஆக்கித் தந்துவிடுவார்களே, நீ ஏன் சிரமப்பட வேண்டும்?

நான்: அத்தை, இதை என் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று மிகவும் ஆசையாக இருக்கிறது. அவசரம் எதுவும் இல்லை, பொறுமையாகச் செய்கிறேன்.

அம்மா: செய்வதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் உன் அண்ணன் குழந்தை வீடு முழுக்கத் தவழ்ந்துகொண்டிருக்கிறான். பெயின்ட் தூள் வீட்டுக்குள் வரவே கூடாது.

பெரியப்பா: அம்மா சொல்வதை முதல் விதியாக வைத்துக்கொள். பழைய பெயின்ட்டில், அதிலும் சிவப்பிலும் மஞ்சளிலும், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. நம் நாட்டிலேயே வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மொட்டை மாடியில், தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதே. போட்டிருந்த உடையைத் தனியாகத் துவைத்துவிடு.

அடுத்து, மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்கிறாயே, அது என்ன மரம் என்று பார்த்தாயா? கம்பிகளையும், விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தான நெக்கையும் கழற்றி, முன்பக்கத்து வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளை எடுத்துவிட்டு, பிக்கப் உட்காரும் குழியின் பக்கச் சுவரை டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்க்காமல் நிறத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

சித்தப்பா: நெக்கைக் கழற்றும்போது கவனமாக இரு, கண்ணு. நெக் உட்காரும் குழியில் ஒரு சிறிய அட்டைத் துண்டு இருக்கும். கம்பிகள் மிகவும் உயரமாக இருக்கின்றன என்பதற்காக, நெக்கின் சாய்மானத்தைச் சற்று மாற்ற வைத்தது அது. குப்பை என்று எறிந்துவிடாதே.

நான்: அட்டைத் துண்டு இருக்கிறது, சித்தப்பா, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்து உறையில் போட்டு வைத்துவிட்டேன். பெரியப்பா, குழியின் படங்களை அனுப்பியிருக்கிறேன். பக்கச் சுவரில் வெளிர் கோடும் கரும்பழுப்புக் கோடுமாக மாறி மாறிப் பல அடுக்குகள் தெரிகின்றன.

பெரியப்பா: நான் நினைத்தது சரியாகப் போயிற்று. அது பிளைவுட். எழுபதுகளில் ஜப்பானிலிருந்து வந்த மலிவு விலைக் கிட்டார்கள் பலவற்றின் பாடி இப்படித்தான் இருக்கும். இதைக் கேட்டு மனம் தளராதே. பிளைவுட் வளையாது, எளிதில் வெடிக்காது. ஆனால் நீ நினைத்த தேக்குப் பாலிஷ் இதற்கு ஒத்துவராது. முகப்பில் ரேகை அழகாகவே இருந்தாலும் வளைவுகளிலும் விளிம்புகளிலும் அடுக்கடுக்கான கோடுகள்தான் தெரியும். மேலே ஒட்டியிருக்கும் வெனீர் எனும் மரத்தாள் மிக மெல்லியது. விளிம்பில் இரண்டு இழுப்பு கூடுதலாகத் தேய்த்தால் அடுத்த அடுக்கு வெளியே வந்துவிடும், பிறகு அதை எதைக் கொண்டும் மறைக்க முடியாது. ஆகவே மரம் தெரியாத கெட்டி நிறம்தான் இதற்குப் பொருந்தும்.

நான்: அப்படியானால் பழைய பெயின்ட்டை ஹீட் கன்னால் இளக்கி எடுத்துவிட்டுக் கெட்டி நிறம் அடிக்கட்டுமா?

பெரியப்பா: முதலில் ஒரு சோதனை செய். தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்தில், தின்னர் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துப் பார். பெயின்ட் பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், அசையாமல் கண்ணாடிபோல் இருந்தால் பாலியெஸ்டராகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: பெரியப்பா, பஞ்சில் நிறமே ஒட்டவில்லை. பெயர்ந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் தடவினால் ஒரு படிபோலத் தடிமன் தெரிகிறது.

பெரியப்பா: பாலியெஸ்டர்தான். இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. முழுப் பூச்சையும் எடுக்காதே. பாலியெஸ்டர் தின்னருக்கும் அசையாது, சாதாரண ஸ்டிரிப்பருக்கும் எளிதில் அசையாது. அதை இளக்க வேண்டுமென்றால் கடும் சூடு கொடுக்க வேண்டும். அந்தச் சூடு பிளைவுட்டின் பசையையும் இளக்கும். பெயின்ட் உரிவதோடு வெனீரும் கொப்பளித்து எழும்பிவிட்டால் அந்தப் பாடியை மீட்பது கடினம். மரத்தில் உறுதியாகப் பற்றிக்கொண்டிருக்கும் பழைய பூச்சைவிட நல்ல அஸ்திவாரம் புதிய பூச்சுக்குக் கிடைக்காது. உளியின் நுனியால் ஓரங்களை மெதுவாகத் தட்டிப் பார். எங்கே பொக்கையாகச் சத்தம் கேட்கிறதோ, எங்கே தானாகப் பெயர்கிறதோ, அங்கே மட்டும் எடு. மற்ற இடங்களில் 320, பிறகு 400 எண் தாளால், கட்டை பிடித்துத் தண்ணீர் தொட்டு, பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்தால் போதும்.

ஆனால் திருகுத் துளைகளுக்கும் குழிகளுக்கும் அருகே தண்ணீர் வேண்டாம். தண்ணீர் இறங்கினால் பிளைவுட் ஊதி, துளையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும். அந்த இடங்களை நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்.

பெயர்ந்த பள்ளங்களுக்குச் சுவர் பட்டி வைக்காதே. கார் டிங்கரிங் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் பட்டியை வை. அது சுருங்காது, ஒரு மணி நேரத்துக்குள் தேய்க்கக் கொடுக்கும். வெறும் மரம் தெரியும் இடங்களில் பட்டிக்கு முன் கைவைத்தியமாக எதையும் தடவாதே. பட்டி நேராக மரத்தைப் பிடிக்கட்டும். பட்டி சமமான பிறகு, அந்த இடங்களுக்கும் தேய்ந்த விளிம்புக்கும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு கை மெல்லியதாகப் பூசு. பழைய சிவப்பு சில சமயம் புதிய பூச்சின் கரைப்பானில் ஊறி மேலே கசிந்து வரும். அரக்கு அதைத் தடுத்து நிறுத்தும். ஜார்க்கண்டில் பூச்சியிலிருந்து எடுக்கும் அரக்குதான் இது. 1924-இலேயே ராஞ்சி அருகில் நாம்கும் என்ற இடத்தில் இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். எத்தனை புதுப் பொருள் வந்தாலும், கீழ்ப்பூச்சையும் மேல்பூச்சையும் பிரித்துக் காக்க இதைப்போல நம்பகமானது வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அக்கா: பெரியப்பா சொன்னதோடு என் பங்குக்கு மின்சாரப் பகுதியைப் பற்றிச் சொல்கிறேன். ஹம்பக்கருக்காகப் பாடியை வெட்டாதே. கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் ஐம்பதுகளின் நடுவில் உருவாக்கிய அந்தப் பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைந்து இரைச்சலைத் தாமே நீக்கிவிடுகின்றன. உனக்கு வேண்டியது அந்தப் பயன்தான். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் அளவிலேயே இரண்டு சுருள்களை அடக்கிய பிக்கப்புகள் இப்போது கிடைக்கின்றன. அதை வைத்தால் குழியையும் பெரிதாக்க வேண்டாம், தகட்டையும் அறுக்க வேண்டாம், பழைய பிக்கப்பை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வைக்கலாம். வாங்குவதற்கு முன் பழைய பிக்கப்பின் நீள அகலத்தையும் திருகுத் துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள்; பழைய ஜப்பான் பிக்கப்புகளின் அளவு எல்லாம் ஒன்றுபோல் இருக்காது.

நான்: ஆனால் ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தன் பாடியைத் தானே குடைந்துதானே ஹம்பக்கர் வைத்தார், அக்கா?

அக்கா: உண்மைதான். அவர் 50 டாலருக்கு வாங்கிய பாடியில் அதைச் செய்தார். அது குறைபாட்டுக்காகத் தள்ளிவைக்கப்பட்டிருந்த பாடி, அவருக்குக் கெடுக்க எதுவும் இல்லை. நீ கையில் வைத்திருப்பது சித்தப்பா மேடை மேடையாக வாசித்த கருவி. அதோடு, பிளைவுட்டில் ரூட்டர் எனும் குடையும் இயந்திரத்தை ஓட்டினால் அடுக்குகளின் ஓரம் சிராய் சிராயாகப் பிய்த்துக்கொள்ளும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெயின்ட் அடித்த துணிச்சலைத்தான்: டேப் ஒட்டி, மேலே வேறு நிறம் அடித்து, டேப்பை உரித்துக் கோடுகளை வரவழைத்தார்.

சித்தப்பா: வெட்ட வேண்டாம், கண்ணு. நிறத்தை உன் விருப்பப்படி மாற்றிக்கொள், எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் நெக் குழியையும் பிரிட்ஜின் இடத்தையும் மட்டும் தொடாதே. நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) வரை உள்ள தூரமும், அங்கிருந்து பிரிட்ஜ் வரை உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருப்பதால்தான் சுருதி நிற்கிறது. பிரிட்ஜ் சற்று நகர்ந்தாலும் மேல் ஸ்தாயியில் எல்லாம் பிசகும்.

பெரியப்பா: தம்பி சொல்வது மிகச் சரி. நெக் குழிக்குள் ஒரு சொட்டு பெயின்ட்கூடப் போகக் கூடாது. அதன் தரையையும் சுவர்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடு. அங்கே பூச்சு ஏறினால் நெக்கின் சாய்மானம் மாறும், குழி இறுகும், திருகை முடுக்கும்போது ஓரம் வெடிக்கும். நெக் திருகுகளில் ஏதாவது பிடிப்பில்லாமல் சுற்றுகிறதா?

நான்: பாடியில் ஸ்ட்ராப் மாட்டும் குமிழின் திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது. நெக் திருகுகள் நன்றாகவே பிடிக்கின்றன.

பெரியப்பா: அந்தத் துளையில் மூங்கில் குச்சியைச் சீவி, ஃபெவிகால் தடவி இறுக்கமாக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மேலே சமமாக அறுத்து, திருகின் தண்டைவிடச் சிறிய துளை போட்டுப் பிறகு முடுக்கு.

அக்கா: குவீன் ராக் குழுவின் பிரையன் மே 1963-இல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டில் கிட்டார் செய்யத் தொடங்கியபோது, பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து நெக்கைச் செதுக்கினார், அதில் இருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சி வைத்துத்தான் அடைத்தார். அந்தக் கிட்டாரைத்தான் அவர் இன்றுவரை வாசிக்கிறார்.

நான்: நிறத்தை முடிவு செய்துவிட்டேன். சிவப்பே இருக்கட்டும். கசிவுப் பிரச்சினையும் குறையும், எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் கிட்டார் பெயின்ட் என்று தேடினால் எல்லாம் வெளிநாட்டு விலையில் இருக்கிறது.

அக்கா: தனியாகக் கிட்டார் பெயின்ட் தேவையே இல்லை. ஃபெண்டர் கிட்டார் நிறுவனமே கார் பெயின்ட்டைத்தான் அடித்தது. அதன் ஃபியெஸ்டா சிவப்பு 1956-ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். கார் பெயின்ட் கடையில் நிறம் காட்டினால் கலந்து கொடுப்பார்கள்.

பெரியப்பா: என்.சி. வகையாகக் கேட்டு வாங்கு. இரண்டு பொருள் கலந்து அடிக்கும் 2கே கிளியரை (நிறமற்ற மேல்பூச்சை) வீட்டில் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி இல்லாமல் அடித்தால் நுரையீரலைக் கெடுக்கும். என்.சி.க்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். துணி முகமூடி போதாது.

இன்னொன்று, இப்போது அடிக்காதே. புரட்டாசி முடியப்போகிறது, ஐப்பசி அடைமழை வந்துவிடும். என்.சி. பூச்சின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, சிவப்பின் மேல் வெள்ளை பூத்துவிடும். தேய்ப்பது, பட்டி, அரக்கு, வயரிங் ஆகியவற்றை இப்போது முடித்துக்கொள். தை பிறந்த பிறகு, பனி விலகி வெயில் ஏறிய முற்பகலில் பெயின்ட் அடிக்கலாம். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்க வேண்டும். கடைசிக் கிளியர் அடித்த பிறகு குறைந்தது நான்கு வாரம் தொங்கவிடு. அதற்குள் தேய்த்தால் பூச்சு பின்னால் சுருங்கிப் பட்டியின் விளிம்புகளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு 1000, 1500, 2000 தாள்கள், அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட். மெருகேற்றிய பிறகும் ரப்பர் ஸ்டாண்டில் சாய்த்து வைக்காதே, ரப்பர் என்.சி. பூச்சை இளக்கிக் கறை பதித்துவிடும்.

அக்கா: மழைக்காலத்தில் செய்ய வேண்டியது உன் வயரிங். வயர் எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக் காகிதத்திலும் வரைந்துகொள். மல்டிமீட்டரில் ஒவ்வொரு பிக்கப்பையும் அளந்து பார். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் நலமாக இருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. பெயின்ட் வேலை முடிந்ததும், இரைச்சலைத் தடுக்கக் குழிகளின் உட்பக்கம் முழுவதும் செப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் சரிபார்த்து, அதை எர்த் கம்பியோடு சால்டரிங் செய்துவிடு. டேப்பும் கெப்பாசிட்டரும் ரிச்சி தெருவில் கிடைக்கும். நான் அடுத்த வாரம் சென்னை போகும்போது வாங்கிவருகிறேன். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பியின் துளையைப் பட்டியால் அடைத்துவிடாதே. ஆம்பிளிஃபயரை எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டுமே மாட்டு. கிட்டார் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன.

பெரியப்பா: நாளை மாலை வருகிறேன். நெக் குழியில் திருகி, பாடியைப் பிடிக்கவும் தொங்கவிடவும் ஏற்றபடி, ஒன்றரை அடி ரீப்பர் கட்டை ஒன்றை எடுத்து வை. திருகுகளை எந்த இடத்தில் எது இருந்தது என்று அட்டையில் குத்தி வைத்துக்கொள். 320 தாளை நான் கொண்டுவருகிறேன்.

அம்மா: மாடிக் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குழந்தை தூங்கும் நேரமாக, ஐந்து மணிக்கு வந்தால் நல்லது, மாமா.