மரத்துக்கு மருந்தேற்றும் வேலை: விரலில் ஆறாத புண்

கேள்வி:
வணக்கம். என் தம்பி மரக்கம்பங்கள் செல்லரிக்காமலும் உளுத்துப்போகாமலும் இருக்க மருந்தேற்றும் ஆலையில் வேலை செய்கிறான். கம்பங்களை உள்ளே வைத்து அழுத்தத்தில் மருந்தேற்றும் பெரிய சிலிண்டரின் கதவைத் திறந்து, பச்சைத் திரவம் சொட்டச் சொட்ட வரும் கம்பங்களை இழுத்து அடுக்குவது அவன் பொறுப்பு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து என்று பீப்பாயில் எழுதியிருக்கிறதாம். விரல் கணுக்களில் சிறு குழிகளாகப் புண் வந்திருக்கிறது. வலி அதிகமில்லை, ஆனால் ஆறவும் இல்லை. ஆலையில் துணிக் கையுறையும் துணி முகக்கவசமும் மட்டுமே தருகிறார்கள். எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில் 1:
ஓரம் தடித்து, வலியின்றி ஆழமாகும் புண் என்றால் குரோமியத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொழில்நல மருத்துவரிடம் காட்டி, மூக்கின் நடுச்சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் புண் வந்து துளை விழக்கூடும். சிறுநீரில் ஆர்சனிக் அளவை, வார வேலை முடியும் நாளில் பார்ப்பது நல்லது. அதற்கு முந்தைய சில நாட்கள் மீன், இறால் உண்ணக் கூடாது. அவற்றில் உள்ள, பெரிதும் தீங்கற்ற வேறு வகை ஆர்சனிக் கணக்கைக் குழப்பிவிடும். துணிக் கையுறையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அது திரவத்தை உறிஞ்சி நாள் முழுவதும் தோலோடு ஒட்ட வைத்திருப்பதால், வெறுங்கையைவிட மோசமாகக்கூட முடியலாம். முழங்கை வரை வரும், திரவம் ஊறாத நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை வேண்டும்.

பதில் 2:
நான் இதே வேலையில் இருப்பவன். கையுறையோடு நிறுத்திவிடாதீர்கள், கம்பம் ஏன் சொட்டுகிறது என்று கேளுங்கள். அழுத்தம் கொடுத்த பிறகு கடைசியாக ஒருமுறை வேக்குவம் பிடித்து உபரித் திரவத்தை இழுத்துவிட வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த முதலில் வெட்டப்படுவது இந்தக் கட்டம்தான். மேலும், மருந்தில் உள்ள, ஆறு இணைதிறன் கொண்ட நச்சு மிகுந்த குரோமியம், நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வகையாக மாறி மரத்தோடு பிணைய வெப்பநிலையைப் பொறுத்துச் சில நாட்களும், குளிர்காலத்தில் பல வாரங்களும் ஆகும். அதுவரை, மேற்பரப்பு காய்ந்தாலும் மரம் ஆபத்தானதே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னொன்று: அங்கே மிஞ்சும் துண்டுக் கட்டைகளை அவன் விறகுக்காக வீட்டுக்குக் கொண்டு வருகிறான்.

பதில் 1:
தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். எரிக்கும்போது ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையில் போகிறது, மீதி, செம்பு, குரோமியத்தோடு சேர்ந்து சாம்பலில் செறிந்து தங்குகிறது. குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை செய்யுங்கள். இருக்கும் சாம்பலைச் செடிக்குப் போடாமல், தூசு பறக்காதபடி நனைத்துப் பையில் கட்டி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.